பட்டியலில் பதினேழாவது

ஜனவரி 9

மாலத்தீவில் இது எனக்கு மூன்றாவது வருடம், இரண்டாவது தீவு. பழையதைவிடச் சிறியது. படகுத்துறையில் இறங்கி நேராக நடந்தால் பதினைந்து நிமிடத்தில் மறுபக்கத்துக் கடல் வந்துவிடுகிறது. எனக்காகப் பள்ளிக்கூடம் வாடகைக்கு எடுத்திருப்பது ஷரீஃபா என்ற அம்மாளின் வீட்டுப் பின்கட்டு. ஓர் அறை, சமையலறை, குளியலறை, பச்சை வண்ணம் அடித்த கதவு.

கதவின் உள்பக்கம் பொருட்பட்டியல் ஒட்டியிருக்கிறது. கட்டில் ஒன்று, மெத்தை ஒன்று, மின்விசிறி இரண்டு, கேஸ் அடுப்பு ஒன்று என்று பதினாறு வரிசை. பட்டியல் சரிபார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. பதினாறும் சரியாக இருந்தன. அதற்குக் கீழே யாரோ பென்சிலில் ‘பதினேழு: பூனை, ஒன்று’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். விளையாட்டு என்று நினைத்துத் திரும்பினால் மெத்தைமேல் பதினேழாவது பொருள் படுத்திருக்கிறது. வெள்ளை உடம்பு, முதுகில் வட்ட வட்டமாகப் பழுப்பு.

உப்பு டப்பாவுக்கு அடியில் ஒரு கடிதம். எனக்கு முன் இங்கிருந்த சஜிதா எழுதியது. பூனை வீட்டோடு வருவது. சோறும் மீனும் போதும், பால் ஒத்துக்கொள்ளாது. பள்ளிக்கூடத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். காலையில் சொல்லிவிட்டுப் போனால் கத்தாது. போகிற வருடம் அடுத்து வருகிறவரிடம் ஒப்படைக்கவும்.

பூனையிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது? நான் இங்கே வந்தது உயிரியல் பாடம் நடத்த.

ராசிபுரத்திலிருந்து கிளம்பியபோது காலை நான்கு மணி. மகள் தர்ஷினி தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன் என்று அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 10

பூனையைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டேன். ஏறியது. இறக்கிவிட்டேன்.

ஜனவரி 19

வெள்ளி, விடுமுறை. ஷரீஃபாவுக்கு அறுபது வயதிருக்கும். கண் சிகிச்சைக்காக மூன்று முறை மதுரைக்கு வந்துபோனவர். அதில் மூன்று தமிழ்ச் சொற்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்: ‘சாப்டியா’, ‘எவ்ளோ’, ‘வலிக்குதா’. காலையில் சாப்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். அதோடு எங்கள் உரையாடல் முடிந்தது. இந்த வாரம் பள்ளிக்கு வெளியே நான் பேசிய ஒரே பேச்சு.

பட்டியலுக்குக் கீழே இன்னும் பொடி எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. இன்றுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மாரிவிக், மிமி. நில்மினி, சுது. சஜிதா, சுந்தரி. ஆசிரியையின் பெயர், அவர் பூனைக்கு வைத்த பெயர், வாங்கிய தேதி, ஒப்படைத்த தேதி. ஏழு வருடம், மூன்று கை. பூனை எல்லாப் பெயருக்கும் வந்திருக்கும் போல. நான் எதுவும் எழுதவில்லை.

ராசிபுரத்துக்குப் போன் போட்டேன்.

“புள்ள டியூசன் போயிருக்குது கண்ணு,” என்றாள் அக்கா.

“ஞாயித்துக்கிழம போட்டப்பவும் டியூசன்னுதானே சொன்ன?”

“பதினொன்னாவதுன்னா சும்மாவா? உங்காலம் மாதிரி இல்ல சாமி இப்ப.” கொஞ்ச நேரம் கழித்து, “இரு, வந்துருச்சு, தர்றேன்,” என்றாள்.

தர்ஷினி நான் கேட்ட ஐந்து கேள்விக்கும் ‘ம்’ என்றாள். பிள்ளைகள் இந்த வயதில் அப்படித்தான்.

பிப்ரவரி 5

நாகர்கோவில் தபித்தாள் இங்கே கணக்கு டீச்சர். ஒன்பது வருடமாக இருக்கிறாள். நான் காலையில் கதவைப் பூட்டும்போது பூனையிடம் “போயிட்டு வரேன்” என்றதைத் தெருவில் நின்று கேட்டுவிட்டாள்.

“கொள்ளாமே டீச்சரே! வீட்டுக்காரர்ட்டகூட இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டீங்களே!”

பள்ளிக்கூடம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். சொல்லாவிட்டால் கத்துகிறது, அதனால் சொல்கிறேன். வேறொன்றுமில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை எனக்கு ஆறு வருடமாக இல்லை என்பது தபித்தாளுக்குத் தெரியாது.

பிப்ரவரி 25

இன்று நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

போனில் தர்ஷினி வழக்கம்போல ‘ம்’ சொல்லிக்கொண்டிருந்தாள். மதியம் மீன் வாங்க மறந்திருந்தேன், பூனை காலடியில் நின்று சண்டைக்கு வந்தது.

“அது என்ன சத்தம்?” என்றாள். அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

“பூனை.”

“நீ பூனை வளக்கறியா? நீயா?”

“வளக்கல. வீட்ல இருந்துச்சு.”

“பேர் என்ன?”

“மூணு பேர் இருக்கு. நான் எதுவும் வைக்கல.”

“காட்டு.”

வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முதுகைக் காட்டச் சொன்னாள். வட்டங்களை எண்ணினாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் போனில் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசிப்பதற்குள், “பணியாரம் மாதிரியே இருக்குதும்மா! பணியாரம்னு வையி,” என்றாள்.

பதினெட்டு நிமிடம் பேசினோம்.

மார்ச் 3

‘பணியாரம் சாப்டுச்சா’ என்று காலையில் செய்தி. சாப்பிட்டது, எலும்பை மெத்தையில் வைத்திருக்கிறது என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 18

தினமும் ஒரு படம் அனுப்புகிறேன். ஜன்னலில் பணியாரம், மழைநீர்த் தொட்டிமேல் பணியாரம், விடைத்தாள் கட்டின்மேல் பணியாரம். அவளும் அனுப்புகிறாள்: வேதியியல் நோட்டு, அக்கா வீட்டு மாடியில் காயும் வடகம், புதிதாக வெட்டிக்கொண்ட முடி. முடியை ஏன் வெட்டினாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பூனையைப் பற்றி மட்டும் பேசினால் பேச்சு நிற்பதில்லை.

பூனை இப்போது கட்டிலில்தான் தூங்குகிறது. இறக்கிவிட்டு இறக்கிவிட்டுச் சலித்துவிட்டது.

ஜூன் 2

பள்ளிக்குப் பக்கத்தில் ஆசிரியர் குடியிருப்பு கட்டி முடித்துவிட்டார்கள். இருபதாம் தேதிக்குள் எல்லோரும் மாறியாக வேண்டும். ஷரீஃபா ஆகஸ்ட்டில் இந்தப் பின்கட்டை இடித்து மாடி கட்டப்போகிறார். ஆகவே இந்த வீட்டுக்கு அடுத்த ஆசிரியை என்று யாரும் வரப்போவதில்லை.

அவரவர் வீட்டுப் பட்டியலை இரண்டு பிரதி எழுதி அலுவலக அதிகாரி இப்ராஹிமிடம் கொடுக்கச் சொன்னார்கள். கதவைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 5

பதினேழையும் எழுதியிருக்கிறேன். மையில். இரண்டு பிரதியிலும்.

ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் இப்ராஹிம் மெதுவாகக் கேட்டார், இது என்ன பொருள் என்று. நான் பார்த்தேன். என் கையெழுத்து, அழகாக, வரிசை எண் போட்டு. தபித்தாள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“ஏழு வருசமா மூணு பேரு வாயத் தொறக்கல. நீங்க வந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க!” என்றாள் வெளியே வந்ததும். “பூனய எழுதுனது சரி, பல்லிய ஏன் விட்டீங்க? உங்க சமையலறையில ஏழு உண்டும். எண்ணிச் சொல்லுதேன், அதையும் சேத்துக்கிடுங்க.”

கவனக்குறைவுதான். இருப்பதை இருக்கிறது என்று எழுதிப் பழகிய கை.

இப்ராஹிம் நல்ல மனிதர், கோபப்படவில்லை. குடியிருப்பில் விலங்கு கூடாது என்பது ஒப்பந்தத்தில் ஏழாவது விதி. தெரியாமல் இருந்தவரை தெரியாது. இப்போது எழுத்தில் வந்துவிட்டது. இருபதாம் தேதிக்குள் பூனை போக வேண்டும், இல்லாவிட்டால் அறை கிடையாது. வேலைக்காக வந்தவளுக்கு அறை இல்லையென்றால் வேலையும் இல்லை.

ஜூன் 12

கேட்டுப் பார்த்தவர்கள்: தபித்தாள் (அவளுக்கும் அதே குடியிருப்பு, போதாததற்குப் பூனை என்றால் தும்மல்). ஷரீஃபா (பேரனுக்கு மூச்சிரைப்பு. மருமகள் எப்போதோ கண்டிப்பாகச் சொல்லியாகிவிட்டது). மளிகைக் கடைக்காரர் (அவரிடம் ஏற்கெனவே நான்கு). பள்ளிக் காவலாளி (சிரித்தார்).

யாரும் வேண்டாத பூனையைச் சில சமயம் ஆளில்லாத் தீவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று தபித்தாள் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, “சொல்லியிருக்கக் கூடாது, விடுங்க,” என்றாள்.

தர்ஷினியிடம் சொல்லவில்லை. அவளுக்குப் பரீட்சை இருக்கிறது.

ஜூன் 18

இடம் கிடைத்துவிட்டது. ஷரீஃபாவின் தம்பி நஷீத் தோணி வைத்திருக்கிறார். பக்கத்துத் தீவில் அவருடைய மாமியார் ஹவ்வா மீன் காயப்போடுகிறார். அங்கே பூனை இருந்தால் நல்லது, எலிக்கு. முக்கால் மணி நேரப் பயணம்.

வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று நஷீத் கேட்டார். பத்தரைக்கு என்றேன். பத்தரைக்கு எனக்கு ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் இருக்க மாட்டீர்களே என்றார். சாவி ஷரீஃபாவிடம் இருக்கும் என்றேன்.

அதுதான் நல்லது. எதிரே நின்றால் கத்தும், பெட்டிக்குள் போகாது, எல்லோருக்கும் சிரமம்.

ஜூன் 20

காலையில் மீனின் நடுத்துண்டை வைத்தேன். கதவைப் பூட்டும்போது வழக்கம்போலப் “போயிட்டு வரேன்” என்றேன். அது ஜன்னலில் இருந்தது. கத்தவில்லை.

பத்தரைக்கு இலையின் குறுக்குவெட்டுப் படம். கரும்பலகையில் நான் வரைந்தவற்றிலேயே இதுதான் சுத்தமாக வந்தது என்று நினைக்கிறேன்.

ஒன்றரைக்குத் திரும்பினேன். தட்டில் மீன் பாதி இருந்தது. மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஷரீஃபா பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தையே பார்த்துவிட்டு, மதுரை ஆஸ்பத்திரியில் தன்னிடம் கேட்டவர்களின் குரலிலேயே கேட்டார் போல:

“வலிக்குதா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

ஜூன் 21

புது அறை. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, தரையெல்லாம் டைல்ஸ். கட்டிலில் இடம் நிறைய இருக்கிறது.

‘பணியாரம் சாப்டுச்சா’ என்று தர்ஷினி.

‘சாப்டுச்சு’ என்று அனுப்பினேன். எங்கோ சாப்பிட்டிருக்கும்.

ஜூலை 1

பணியாரம் இன்று ஒரு நண்டைத் துரத்தியது என்று எழுதினேன். எட்டு சிரிப்புப் பொம்மை அனுப்பினாள்.

ஜூலை 14

பணியாரம் மழையில் நனைந்து தும்மியது. பணியாரம் தபித்தாள் டீச்சரின் செருப்பைக் கடித்தது. காலையில் எழுந்ததும் அன்றைக்குப் பூனை என்ன செய்தது என்று யோசிக்கிறேன். பாடக்குறிப்பு எழுதுவதைவிட இதற்கு அதிக நேரமாகிறது.

வீடியோவில் காட்டச் சொன்னாள். வெளியே போயிருக்கிறது என்று சொல்லி அறையை மட்டும் சுற்றிக் காட்டினேன். “சுவரெல்லாம் பளபளன்னு இருக்குதே, அது நகத்தால பிராண்டலையா?” என்றாள். பிராண்டும் என்றேன்.

ஜூலை 31

ஆறு வாரமாகப் படம் இல்லை என்று தர்ஷினி சண்டை. பழையதில் தேடி, அவளுக்கு அனுப்பாத ஒன்றை எடுத்து அனுப்பினேன்.

ஆகஸ்ட் 2

அவளிடமிருந்து குரல் செய்தி. நான்கு முறை கேட்டேன். கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

“அம்மா, இது பழைய போட்டோ. பின்னாடி பச்சைக் கதவு தெரியுது. இப்ப இருக்கற ரூம்ல வெள்ளைக் கதவு, அன்னிக்கு நீயேதான் காட்டினே. பணியாரம் செத்துருச்சா? செத்துருச்சுன்னா செத்துருச்சுன்னு சொல்லு, எனக்கென்ன அஞ்சு வயசா? கோயமுத்தூர்ல பத்து நாள் டிரெய்னிங்னு சொல்லிட்டுப் போனேல்ல, நான் எட்டாவது படிக்கறப்ப? நான் காலண்டர்ல தினமும் ஒரு கட்டம் அடிச்சிட்டு வந்தேன். பதினோராவது நாள் பெரியம்மாதான் சொன்னாங்க, நீ பிளேன் ஏறிட்டேன்னு. நீ போனதுகூட பரவால்லம்மா.”

அதோடு நின்றுவிடுகிறது. முப்பத்தெட்டு வினாடி.

ஆகஸ்ட் 3

துணி துவைத்தேன். அறை கூட்டினேன். டைல்ஸ் தரையில் கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை.

ஆகஸ்ட் 4

அன்று அவள் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு, “அம்மா, டிரெய்னிங்ல எனக்கு என்ன வாங்கிட்டு வருவே?” என்று கேட்டாள். ஜாமெட்ரி பாக்ஸ் என்றேன். அவள் தெருமுனை திரும்பியபின் பெட்டியை வெளியே எடுத்தேன். இதை நான் எங்கும் எழுதியதில்லை.

ஆகஸ்ட் 9

வெள்ளி. நஷீத்தின் தோணியில் பக்கத்துத் தீவுக்குப் போனேன். தபித்தாளும் வருவதாகச் சொன்னாள், தும்மினாலும் பரவாயில்லை என்றாள். வேண்டாமென்று தனியாகப் போனேன்.

ஹவ்வாவின் வீட்டுப் பின்னால் மீன் காயும் பலகைகள். அதற்கடியில் நிழலில் பணியாரம் இருந்தது. நன்றாக இருக்கிறது, கொஞ்சம் பருத்துக்கூட இருக்கிறது. ஹவ்வா வேறேதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து வந்தது. என் காலை மோந்தது. செருப்பை மோந்தது. பிறகு ஹவ்வாவின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் மணலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு முறை பக்கத்தில் வந்து, முழங்காலில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனது. போனில் அதையெல்லாம் எடுத்தேன்.

தோணி கிளம்பும் நேரம் நஷீத் குரல் கொடுத்தார். குனிந்து, அதன் முகத்துக்கு நேராகச் சொன்னேன்: “நான் போறேன். இனிமே நீ இங்கதான். அன்னிக்கு நான் சொன்னது பொய்.” ஹவ்வாவுக்கு என்ன புரிந்ததோ, சிரிக்கவில்லை. பணியாரம் என்னைப் பார்த்தது. பின் காலைத் தூக்கி நக்க ஆரம்பித்தது. எழுந்து படகுத்துறைவரை கூடவே வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை.

ஆகஸ்ட் 10

பின்கட்டை இடித்துவிட்டார்கள். பச்சைக் கதவு மட்டும் ஒரு தென்னைமரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, பட்டியலோடு. ஷரீஃபாவிடம் பென்சில் வாங்கி எழுதினேன். தமயந்தி, பணியாரம். வாங்கியது ஜனவரி 9. ஒப்படைத்தது ஜூன் 20. அதற்குக் கீழே ஹவ்வா.

பிறகு அங்கேயே கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தர்ஷினிக்குக் குரல் செய்தி அனுப்பினேன். பணியாரம் சாகவில்லை, ஒரு மீன்காரம்மா வீட்டில் இருக்கிறது. ஜூன் இருபதாம் தேதியே கொடுத்துவிட்டேன். நான் வகுப்பில் இருக்கிற நேரமாகப் பார்த்து ஆள் வரச் சொன்னேன், அது போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நண்டு, மழை, செருப்பு எல்லாம் நானாகச் சொன்னது. கோயம்புத்தூர் டிரெய்னிங்கும் அப்படித்தான். நீ அழுதால் என்னால் கிளம்ப முடியாது என்று நினைத்தேன். உனக்காக என்று அக்காவிடம் சொன்னேன், எனக்காகத்தான். பருவ விடுமுறை பத்து நாள் இருக்கிறது, இருபத்திரண்டாம் தேதி காலையில் ராசிபுரம் வருகிறேன். முப்பத்தொன்றாம் தேதி திரும்பிப் போகிறேன். இரண்டு தேதியும் நிஜம்.

நேற்று எடுத்த வீடியோவையும் அனுப்பினேன்.

ஆகஸ்ட் 11

பார்த்துவிட்டாள். பதில் இல்லை.

ஆகஸ்ட் 13

இல்லை.

ஆகஸ்ட் 15

அக்கா போன் செய்தாள். “என்ன சொன்னே புள்ளைகிட்ட? அந்தப் பூனை படத்தையே பாத்துட்டு உக்காந்திருக்குது. சோறு உண்ண மாட்டேங்குது.” சொன்னதைச் சொன்னேன். “இத மூணு வருசம் முன்னால சொல்லியிருந்தா, அந்தப் பதினோராவது நாளு எனக்கு வந்திருக்காது கண்ணு,” என்றாள்.

அக்காவுக்கும் ஒரு பதினோராவது நாள் இருந்தது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆகஸ்ட் 17

தர்ஷினியிடமிருந்து செய்தி. ஏழு வினாடி.

“வர்றதுன்னா வா. ஆனா போறப்ப என்னை எழுப்பிட்டுப் போ.”

ஆகஸ்ட் 31

பெங்களூரு விமான நிலையம். விமானத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்.

நான்கு மணிக்கு எழுப்பினேன். இரண்டு முறை தோளைத் தொட வேண்டியிருந்தது. கண்ணைத் திறந்து, பெட்டியைப் பார்த்து, அழுதாள். எழுந்து உட்கார்ந்துகொண்டு, முகத்தை மூடாமல், சத்தமாக, எட்டாவது படிக்கிற பிள்ளை அழுவதுபோல அழுதாள். அக்கா கதவோரம் நின்றாள், உள்ளே வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் கார்க்காரர் ஒரு முறை ஹாரன் அடித்து ஓய்ந்தார்.

பத்து நிமிடம் இருக்கும். மூன்று வருடமாக நான் பயந்து ஓடியது இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பெட்டிய நான் தூக்கிட்டு வர்றேன்,” என்று எழுந்தாள்.